சாய்கோடு போட்ட மூலை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'நம்புகிறேன்' என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாய், சாப்பிட்டாய், பின்வாசலில் அரை மணி நேரம் நின்றாய். கிளம்பும்போது, "பால்கனித் தொட்டிக்கு உன் பாத்தி மண்ணு கொஞ்சம் எடுத்துக்கறேன்கா" என்றாய். எடுத்துக்கொள், யார் வேண்டாம் என்றது. ஆனால் பதினோரு சின்னப் பைகளில் எடுத்திருக்கிறாய். எதிர்வீட்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த நம் தெருக் கொத்தனார் சாரத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறார். "ஒவ்வொரு பையிலயும் உங்க தம்பி நம்பர் எழுதினாருங்க. பூந்தொட்டிக்கு எதுக்குங்க நம்பரு?" என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள் நான். எண் போட்ட பொட்டலம் என்றால் அதற்கு ஒரு முகவரி உண்டு.

இந்தப் பாதையில் ரயில் நின்று பத்தொன்பது வருஷம் ஆகிறது. பின்னால் இருக்கிற கூட்ஸ் யார்டில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடந்த மூலையை ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கொத்தி, பாத்தி கட்டி, கீரையும் தக்காளியும் முள்ளங்கியும் போட்டு வருகிறோம். தண்டவாளத்தைப் பூங்காவாக மாற்றுவதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. பூங்கா என்று சொல்லி எங்கள் மூலையை எடுத்து அங்கே கடைவரிசை கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. நீ அந்தப் பூங்கா ஆபீஸிலேயே மண்ணும் மட்டமும் பார்க்கிறவன். உண்மை என்ன என்று உன் கையெழுத்தில் எழுது. போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன்கா" என்று வைத்துவிடுகிறாய். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்றும் சொல்லலாம். இனி நமக்குள் போன் வேண்டாம்.

உன் பிள்ளைகளுக்கு அத்தையின் அன்பு.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. விசாரணைக் கமிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல எழுதுகிறேன். உன் மருமகள்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பூந்தொட்டி என்று சொன்னது பொய்தான். மண் ஆபீஸுக்காக எடுத்தது. பரிசோதனை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தெருவைக் கூட்டியிருப்பாய், எனக்குச் சாப்பாடும் கிடைத்திருக்காது. மரம் நடுவதற்கு முன்னால் வழிநெடுக மண் எடுத்துப் பார்ப்பது வழக்கம். உன் வீட்டுப் பின்புறம் மட்டும் இல்லை.

பூங்காவைப் பற்றிச் சொல்கிறேன், கேள். பழைய சிக்னல் கேபினில் தொடங்கி ஆற்றுப் பாலம் வரை இரண்டரைக் கிலோமீட்டர். இரண்டு இடங்களில் தண்டவாளத்தை அப்படியே விட்டு, பாதையை அதன் மட்டத்துக்கு உயர்த்துகிறோம். சக்கர நாற்காலி தடுக்காமல் போகும். பிளாட்பாரத்தில் பெஞ்சு, கேபினில் படிக்கும் அறை. தானாக முளைத்து நிற்கிற மரங்களில் ஒன்றையும் வெட்டுவதில்லை என்று எழுத வைத்தது நான். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் வரைந்ததற்கு மட்டம் பார்த்துக் கொடுத்தேன். இந்த ஒன்றில்தான் நான் சொன்னதையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள்.

கடைவரிசை எதுவும் கிடையாது. உன் பாத்தி எங்கும் போகாது. இது என் கையெழுத்து.

உன் தம்பி

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். கீழ்த்தளத்தில் பூங்கா வரைபடத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். பச்சை என்றால் புல், மஞ்சள் என்றால் பாதை, நீலம் என்றால் தண்ணீர் என்று ஓரத்தில் விளக்கம் இருக்கிறது. எங்கள் மூலையில் மட்டும் கறுப்பில் சாய்கோடு சாய்கோடாகப் போட்டிருக்கிறது. அதற்கு விளக்கம் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினேன். இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"பிரிண்ட் எடுக்கறப்ப வந்த கோடா இருக்கும் மேடம்."

"வேற எங்கயும் வராம எங்க வீட்டுக்குப் பின்னாடி மட்டும் வந்துச்சாம்மா?"

"டிசைன் பண்ணவங்களத்தான் கேக்கணும்."

"அதுல ஒருத்தன் என் தம்பி."

"அப்ப வீட்டுலயே கேட்டுக்கலாமே மேடம்."

சிரிக்காமல் சொன்னாள். எனக்குத்தான் முகம் சிவந்துபோயிற்று.

பார்சல் ஆபீஸில் பெட்டியைப் பிரித்துப் பார்க்க மாட்டோம். அனுப்புகிறவர் சொன்னதை எழுதி, 'என்று சொல்லப்படுகிறது' என்று சேர்த்துத்தான் ரசீது கொடுப்போம். உன் கடிதத்தையும் அப்படித்தான் வாங்கி வைத்திருக்கிறேன். கடை கிடையாது என்று சொல்லப்படுகிறது. பாத்தி எங்கும் போகாது என்று சொல்லப்படுகிறது.

சாய்கோட்டுக்கு என்ன அர்த்தம்? அதை மட்டும் எழுது.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஆபீஸில் மூச்சு விட நேரம் இல்லை.

சாய்கோடு என்றால் ஆய்வு முடியாத பகுதி. முடிந்ததும் நிறம் வரும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

வேறொன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ பின்வாசல் படி ஏறினதைப் பார்த்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாய். எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கேட்டேன். யூரிக் ஆசிடாக இருக்கலாம் என்கிறார். கீரையும் முள்ளங்கியும் உனக்கு ஆகவே ஆகாதாம். கொஞ்ச நாளைக்கு அடியோடு நிறுத்து. மார்க்கெட்டில் வேறு காய் வாங்கிக்கொள். பாத்தியில் குனிந்து வேலை செய்வதையும் விடு. கொத்தினால் கையை சோப்புப் போட்டுக் கழுவு.

இதையாவது வாதாடாமல் கேள். உன் உடம்பு எனக்கு முக்கியம்.

உன் தம்பி

*

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே கீரையை நிறுத்திவிட்டேன். நம்புவாயோ மாட்டாயோ, முட்டி முன்னைக்கு இப்போது தேவலை. உன் டாக்டருக்கு என் நன்றியைச் சொல். அம்மா போன பிறகு என் முட்டியைப் பற்றி யோசிக்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே பாதி மருந்து.

என் பங்குக் கீரை வீணாகிறதோ என்று நீ கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தையல்காரியின் பெண் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறேன். நீ பார்த்திருக்கிறாய், இரண்டு வயது, தெரு முழுக்கச் 'சுண்டெலி' என்று கூப்பிடுவோம். அவள் அம்மா மெஷினில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. மத்தியானம் நானே மசித்து ஊட்டுகிறேன். மறுநாள் தட்டோடு வந்து நிற்கிறது. உன் புண்ணியத்தில் குழந்தை ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது.

சாய்கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான்கு பேர் வந்தார்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, எங்கள் பாத்தியைச் சுற்றி முளை அடித்தார்கள். "எதுக்குப்பா முகமூடி?" என்றேன். "தூசி அலர்ஜிங்க" என்றான் ஒருவன். நான்கு பேருக்குமா என்று கேட்டேன். அடுத்த முளையை அடிக்கப் போய்விட்டான். கொத்தனார் என்னிடம், "கடைக்கு அஸ்திவாரம் பாக்கறாங்கம்மா, எனக்குத் தெரியாதா?" என்கிறார். ஐந்து வீட்டிலும் கையெழுத்து வாங்கி விளக்கம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். உன் ஆபீஸுக்கு எதிராக இருக்கிறதே என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

*

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

மனு என் மேஜைக்குத்தான் வந்தது. கோபம் இல்லை.

சுண்டெலிக்குக் கீரை கொடுப்பதை நிறுத்திவிடு. அந்த வயதில் தினமும் கீரை வயிற்றுக்கு ஆகாது. பாத்தியிலும் விளையாட விடாதே, பூச்சி பொட்டு இருக்கும். மற்ற வீட்டுக்காரர்களிடமும் ஒரு பருவம் சாகுபடியை நிறுத்தி வைக்கலாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார். நிலத்துக்கும் ஓய்வு வேண்டும் இல்லையா. ஜூனில் எல்லாம் சரியாகிவிடும்.

தயவுசெய்து கேள் அக்கா.

உன் தம்பி

*

ஏப்ரல் 25

தம்பிக்கு,

இப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நிலத்துக்கு ஓய்வாம். ஒரு பருவம் நாங்கள் சும்மா இருந்தால், 'யாரும் பயன்படுத்தாத இடம்' என்று எழுதி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மனு கொடுத்த அடுத்த வாரமே உனக்கு நிலத்தின் மேல் இரக்கம் வந்துவிட்டது. யார் சொல்லிக்கொடுத்து எழுதினாய்? குழந்தையின் வயிற்றைச் சாக்கு வைத்து எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? தையல்காரியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உங்க தம்பி எப்பக்கா டாக்டரானாரு? இது நல்லாத்தானே இருக்கு" என்று சிரித்தாள்.

ஐந்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசினோம். சாகுபடியை நிறுத்துவதில்லை. இன்னும் இரண்டு பாத்தி கூடப் போட்டுவிட்டோம். கொத்தனார் மூங்கிலில் வேலி கட்டிக் கொடுத்தார். காலையும் மாலையும் யாராவது ஒருவர் அங்கே இருக்கிறோம். மத்தியானம் என் முறை. நான் களை பிடுங்க, சுண்டெலி பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் மண்ணை அள்ளிச் 'சோறு' வைக்கிறாள். எவன் வந்து எடுக்கிறான் என்று பார்க்கிறோம்.

அக்கா

*

ஏப்ரல் 30

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை, ஆள் மூலம் அனுப்புகிறேன். நேற்று இரண்டு முறை போன் செய்தேன். "எழுத்தில் கொடு" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுத்திலேயே தருகிறேன். படித்த உடனே குழந்தையை மண்ணிலிருந்து தூக்கிவிடு.

கடை இல்லை, அபகரிப்பும் இல்லை. அந்த மண்ணில் பழைய பெயின்டில் வந்த ஈயம் இருக்கிறது. தண்டவாளத்தில் அடித்த களைக்கொல்லியில் வந்த ஆர்சனிக்கும் இருக்கிறது. பதினோரு பையில் ஏழு பை இருக்கக்கூடாத அளவுக்கு மேலே. உன் பாத்தியின் பைதான் எல்லாவற்றிலும் அதிகம். முடிவுத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். சாய்கோட்டுக்கு அதுதான் அர்த்தம்.

முடிவு மார்ச் 11 அன்று வந்தது. வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். "இப்பச் சொன்னா தெரு பயப்படும், பணம் ஒதுக்கினவங்க பின்வாங்குவாங்க, பூங்காவே நின்னுடும். ஜூன்ல எப்படியும் துணி விரிச்சு ரெண்டடி புது மண்ணு போட்டு மூடத்தானே போறோம்" என்றார் மேலதிகாரி. நானும் அது நியாயம் என்று நினைத்தேன். மூன்று மாதம்தானே என்று நினைத்தேன். நீ மட்டும் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று முட்டியைச் சாக்காகச் சொன்னேன். டாக்டரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஈயம் என்று சொல்லியே கேளுங்கள். சாப்பிட்டதைவிட, மண் பட்ட கையை வாயில் வைப்பது அதிகக் கெடுதல். உங்கள் ஐந்து வீட்டாரும் செய்துகொள்ளுங்கள்.

இந்தத் தாளை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

தம்பி

*

மே 19

தம்பிக்கு,

உன் ஆள் மே ஒன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு வந்தார். நின்றபடியே படித்தேன். சுண்டெலி அப்போது பின்வாசலில்தான் இருந்தாள். தூக்கி வந்து கையைக் கழுவினேன். நகத்துக்குள் இருந்தது போகவில்லை. நகத்தை வெட்டிவிட்டு மறுபடி கழுவினேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

தையல்காரியிடம் நான்தான் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவருக்கு எப்பக்கா தெரியும்?"

"மார்ச் பதினொண்ணு."

"உங்களுக்கு?"

"இப்பத்தான். பத்து நிமிஷம் ஆச்சு."

"நீங்க எப்பக்கா கீரைய நிறுத்தினீங்க?"

மார்ச் கடைசியில் நிறுத்தினேன். அதற்கு முன்பு வாரத்தில் இரண்டு நாள் ஊட்டினவள், நிறுத்தின நாளிலிருந்து தினமும் ஊட்டினேன். அவள் இடத்தில் யார் இருந்தாலும், தெரிந்துதான் இவள் கீரையைக் குழந்தைக்குத் தள்ளிவிட்டாள் என்று நினைப்பார்கள். அவளும் நினைத்தாள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. ஊசி மருந்து கொடுக்கிற அளவுக்கு இல்லை. "இனிமே உள்ள போகாம பாத்துக்கிட்டா மெதுவாக் குறையும். மூணு மாசம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க. பேச்சு, நடை எல்லாம் கவனிச்சுக்கிட்டே இருங்க" என்றார் டாக்டரம்மா. என்ன கவனிக்க வேண்டும் என்று தையல்காரி கேட்டாள். அதற்கு அந்த அம்மா தெளிவாகப் பதில் சொல்லவில்லை. இப்போது குழந்தை ஒரு சொல்லைத் தாமதமாகச் சொன்னாலும் அவள் மெஷின் நின்றுவிடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது.

ஐந்து வீட்டில் எனக்கும் கொத்தனாருக்கும் கொஞ்சம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அவ்வளவு மோசமில்லை என்றார்கள்.

உன் தாளைத் தெருவில் உரக்கப் படித்தேன். பிறகு ஐந்து வீட்டாரும் நகராட்சிக்குப் போய் அங்கேயும் படித்தோம். பூங்கா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மண்ணை மூடாதே, வாரி எடு. எடுக்கிறவரை அங்கே என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் பலகை வை என்றோம். உன் வேலைக்கு இதனால் ஏதாவது வந்திருந்தால், அது தெரிந்தேதான் செய்தேன்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். அந்த மூலையில்தான் வேகன்களின் பழைய பெயின்டைச் சுரண்டுவார்கள். பார்சல் ஆபீஸ் ஜன்னலிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். கறுப்பு மண்ணாக இருக்கிறதே, நல்ல சத்து என்று சொல்லி நான்தான் அந்த இடத்தைக் காட்டினேன்.

நீ எழுதின ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டேன். கடையைச் சந்தேகப்பட்டேன், கோட்டைச் சந்தேகப்பட்டேன், ஓய்வைச் சந்தேகப்பட்டேன். என் முட்டியைப் பற்றி நீ எழுதினதை மட்டும் சந்தேகப்படவில்லை.

அக்கா

*

மே 27

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீஸில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டதை மீறினேன் என்று. ஆமாம் மீறினேன், மார்ச்சிலேயே மீறியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பூங்கா வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேறு பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பூங்கா நிற்கவில்லை. பணமும் யாரும் பின்வாங்கவில்லை. அந்த மூலையை மட்டும் ஒரு வருஷம் அடைத்து வைத்து, மூன்றடி ஆழத்துக்கு மண்ணை வாரி எடுத்துவிட்டு நிரப்பப் போகிறார்கள். நகராட்சியில் மாட்டியிருக்கிற வரைபடத்தில் சாய்கோட்டுக்கு விளக்கம் சேர்த்தாயிற்று. முழு விவரமும் இருக்கிறது. சொன்னால் எல்லாம் நின்றுவிடும் என்றார்களே, சொன்ன பிறகு மூன்று வாரத்தில் இவ்வளவும் நடந்துவிட்டது.

குழந்தையைப் பார்க்க வேண்டும். உன்னையும் பார்க்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா? வரவேண்டாம் என்றால் அதையும் எழுது.

தம்பி

*

ஜூன் 2

தம்பிக்கு,

வா.

என் கதவைத் தட்டாதே. முதலில் தையல்காரியின் கதவைத் தட்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் இருப்பாள். உனக்காக நான் எதுவும் பேசி வைக்கவில்லை. மே ஒன்றுக்குப் பிறகு அவள் என்னோடு பேசினது ஆஸ்பத்திரி விஷயம் மட்டும்தான். நீ வருவதாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. திறந்தால், மார்ச் பதினொன்றிலிருந்து நடந்ததை நீயே உன் வாயால் சொல். திறக்காவிட்டால் திரும்பிப் போய் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வா. அக்கா வீட்டுக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று இருக்கக்கூடாது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் உன்னை உட்காரச் சொன்னால் எனக்குக் கேட்கும். கேட்ட பிறகு அடுப்பை மூட்டுகிறேன்.

உன் அக்கா